லைன் நல்லாத்தான் இருக்கு

சேசு மரி சூசை துணை

காரைக்கால்
5-7-1983

அன்பு மகள் சலோமிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். உனக்கும் மாப்பிள்ளை இஞ்ஞாசிக்கும் என்று தினமும் செபமாலையில் ஒரு பத்து மணி தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ஒரு விசேஷம். நம் வீட்டுக்குப் போன் வந்துவிட்டது. நம்பர் 417.

நீ திருச்சி மடத்தில் சேர்ந்த வருஷம், எழுபத்தைந்தில், அப்பா எழுதிப்போட்டது இது. உன்னோடு பேச ஒவ்வொரு தடவையும் தந்தி ஆபீசில் போய்க் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் எழுதிப்போட்டார். எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் நம் முறை வந்திருக்கிறது. நீ மடத்தை விட்டு வெளியே வந்தே மூன்று வருஷம் ஆகிவிட்டது. மாட்ட வந்த ஆள் "எங்க சார் வைக்கிறது?" என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா கூடத்தில் திரு இருதயப் படத்துக்குக் கீழே கையைக் காட்டினார். ஒயர் ஜன்னல் வழியாக வந்து, கதவு குறுக்கிடுவதால் தரையோடு ஓடுகிறது. கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறதென்று நான் அதன்மேல் கோரைப்பாயை விரித்துவிட்டேன்.

உன் பேச்சை எடுத்தால் இன்னும் அதே கதைதான். எட்டு மாசக் குழந்தையாய் நீ மூச்சு முட்டிக் கிடந்தபோது, வேளாங்கண்ணியில் முட்டிபோட்டு, பிழைத்தால் இவள் மாதாவுக்கு என்று நேர்ந்துகொண்டவர் அவர்தானே. கொடுத்ததைத் திருப்பி வாங்கின மாதிரி ஆகிவிட்டதே என்று அவருக்கு இன்னும் நெஞ்சு ஆறவில்லை. உன் பேரைச் சொல்வதே இல்லை. ஆனால் உன் கடிதத்தை நான் சத்தம்போட்டுப் படிக்கும்போது எழுந்து போவதும் இல்லை.

அதனால் ஒரு யோசனை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர் தூங்கி எழுந்து கூடத்தில் இருப்பார். நீ வேலை பார்க்கும் டாக்டர் வீட்டுப் போனிலிருந்து அந்த நேரத்துக்கு ட்ரங்க் கால் போடு. நான் அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டு இருப்பேன். மணி அடித்தாலும் அவசரப்பட்டு வரமாட்டேன். வேறு வழியில்லாமல் அவரே எடுக்கட்டும். எடுத்த பிறகு உன் குரலைக் கேட்டுவிட்டு வைக்கிற மனசு அவருக்குக் கிடையாது. அது எனக்குத் தெரியும்.

மாதா உன்னைக் காக்க.

அம்மா
செல்வம்மாள்

*

பம்பாய்
19-7-83

அம்மாவுக்கு சலோமி எழுதுவது.

பத்தாம் தேதி போட்டேன். பதினேழாம் தேதியும் போட்டேன். டாக்டர் பெரிய மனசு பண்ணி, ஞாயிறு மாலை கிளினிக்கில் கூட்டம் இருக்காது, பேசிக்கொள் என்று சொன்னார். இரண்டு தடவையும் லைன் கிடைத்தது. அந்தப் பக்கம் மணி அடித்தது. என் காதால் கேட்டேன். முதல் நாள் பதினெட்டுத் தடவை, இரண்டாம் நாள் இருபத்திரண்டு. எண்ணினேன். எதையும் எண்ணிக் கணக்கு வைக்கிற உங்கள் மகள்தானே நானும்.

"ரிங் போகுதும்மா, எடுக்க மாட்டேங்குறாங்க" என்றாள் ஆப்பரேட்டர். "இன்னொரு தடவை அடிங்க" என்று கெஞ்சினேன். அடித்தாள். பாவம், அவளுக்கே வருத்தமாகிவிட்டது.

அவசரப்பட்டு வரமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக இவ்வளவு மெதுவாகவா?

அம்மா, எனக்குக் கோபம் இல்லை. மணி அடிக்க அடிக்க அப்பா அதற்கு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி மனசில் ஒரு படம் வந்துவிட்டது. அது போகமாட்டேன் என்கிறது. அப்படித்தான் என்றால் அப்படித்தான் என்று எழுதிவிடுங்கள்.

இஞ்ஞாசி இரவு ஷிப்டில் இருக்கிறார். உங்கள் இருவருக்கும் வணக்கம் சொன்னார்.

சலோமி

*

சேசு மரி சூசை துணை

காரைக்கால்
2-8-1983

என் கண்ணே சலோமி,

உன் கடிதம் கிடைத்தது. மணி அடிக்கவே இல்லை, பாப்பா. பத்தாம் தேதியும் இல்லை, பதினேழாம் தேதியும் இல்லை. நான் காப்பியை இறக்கி வைத்துவிட்டு, காதைக் கூடத்துக்குக் கொடுத்துக்கொண்டு அடுக்களையிலேயே நின்றேன். காப்பி ஆறி ஆடை படிந்ததுதான் மிச்சம். நீதான் கோபத்தில் போடவில்லை என்று நினைத்துவிட்டேன்.

இனி நான் சும்மா இருப்பதாக இல்லை. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போனுக்கென்று ஒரு கணக்கு ஆரம்பித்திருக்கிறேன். தேதி, மணி, ரிசீவரை எடுத்தால் ரீங்காரம் கேட்கிறதா இல்லையா, வெயிலா காற்றா, எல்லாம் எழுதுகிறேன். போன் புத்தகத்தின் முதல் நாலு பக்கத்தில் இதற்கெல்லாம் விவரம் போட்டிருக்கிறார்கள். பாதி இங்கிலீஷ். தமிழில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். பூசைப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தானாகப் படிக்கக் கற்றவளுக்கு இது என்ன பெரிது.

23ஆம் தேதி சனிக்கிழமை லைன்மேன் வந்தார். சேக் அலாவுதீன் என்று பேர், நல்ல மனிதர். "பம்பாய்லேர்ந்து மக கூப்புட்டிருக்கா, மணி அடிச்சிருக்கு, எங்க வீட்டுல அடிக்கலயே, அது எப்படி பாய்?" என்று கேட்டேன்.

"உங்க மக காதுல கேட்டது எக்ஸ்சேஞ்சு மணிம்மா. உங்க வீட்டு மணி இல்ல."

"ரெண்டும் ஒண்ணு இல்லையா?"

"இல்லைங்க. இங்க ஒயர் அந்து கெடந்தாலும் அவங்களுக்கு அடிக்கிற மாதிரிதான் கேக்கும்."

இது தெரியாமல் எத்தனை வீட்டில் மனஸ்தாபமோ! கம்பத்தில் ஏறிப் பார்த்தார். ஜன்னலுக்கு மேலே ஒயர் சேர்கிற இடத்தில் கடல்காற்றில் உப்புப் பூத்திருந்தது. பிளேடால் சுரண்டி முறுக்கிக் கட்டினார். பெட்டியைத் திறந்து திருகாணியை எல்லாம் இறுக்கினார். பிறகு ஆபீசுக்குச் சொல்லி மணி அடிக்கச் சொன்னார். அடித்தது பார், தெருவே கேட்டது. பக்கத்து வீட்டு கமர் நிஷா ஓடிவந்து, "என்ன அக்கா, பம்பாய்லேர்ந்து பேரப்புள்ள சேதியா?" என்றாள்.

"லைன் நல்லாத்தான் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அவர் போனார். ஆனால் ஞாயிறு 24 அன்று நாலு மணிக்கு ரிசீவரை எடுத்தால் ஒரு சத்தமும் இல்லை. சுத்தமாகச் செத்துக் கிடந்தது. திங்கள் காலையில் எடுத்தேன், ரீங்காரம். 31ஆம் தேதியும் அதே கதை. கமர் நிஷா, "ஞாயித்துக்கெழமை அதுக்கும் லீவு போலருக்கு" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா எடுக்காமல் இருக்கவில்லை. அது மட்டும் நிச்சயம். நீ விடாமல் போடு.

அம்மா

*

பம்பாய்
16-8-83

அம்மாவுக்கு,

ஆறு ஞாயிறு ஆகிவிட்டது. நேற்று தேவமாதா மோட்சத்துக்குப் போன திருநாளாயிற்றே என்று அன்றும் போட்டேன். அன்றும் இல்லை.

டாக்டரிடம் உங்கள் நோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர், "உங்கம்மா வந்தா எனக்கு நர்சா வச்சுக்கிறேன்" என்றார். பிறகு ஒன்று சொன்னார். விட்டு விட்டு வருகிற காய்ச்சலுக்கு, காய்ச்சல் வரும்போது பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டுமாம்.

அதனால் கேட்கிறேன். போன் சாகிற நேரத்தில் கூடத்தில் யார் இருக்கிறார்கள் அம்மா? நோட்டில் அதையும் எழுதிப் பாருங்கள். உப்பும் காற்றும் ஞாயிற்றுக்கிழமை பார்த்தா வருகிறது?

நான் மடத்தை விட்டு வந்தது அப்பாவை அவமானப்படுத்த இல்லை. அங்கே ஐந்து வருஷம் முட்டிபோட்டு, எனக்கு அந்த அழைப்பு இல்லை என்று ஆண்டவரிடமே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில்தான் நாள் ஆகிறது.

சலோமி

*

சேசு மரி சூசை துணை

காரைக்கால்
30-8-1983

மகளே,

நீ கேட்டபடி எழுதிப் பார்த்தேன். எழுதாமலே இருந்திருக்கலாம்.

போன் சாகிற நேரத்தில் கூடத்தில் இருப்பது ஒரே ஆள்தான். ஞாயிறு மூன்றே முக்காலுக்கெல்லாம் அப்பா தன் மர நாற்காலியைத் தூக்கிவந்து போனுக்குப் பக்கத்தில் ஒட்டிப் போட்டுக்கொள்கிறார். பேப்பரை விரித்துக்கொண்டு ஐந்தரை வரைக்கும் அசைவது கிடையாது. காவல் காக்கிற மாதிரி. மாதா திருநாளன்றும் விடுமுறையானதால் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நாலரைக்கு, தையல் நூல் தேடுகிற மாதிரி அவர் பக்கம் போய் ரிசீவரை எடுத்தேன், உயிர் இல்லை. சாயங்காலம் தேர் பார்க்க அவர் எழுந்து போனார். உடனே எடுத்தேன், ரீங்காரம் கேட்டது. மணி 5.40 என்று எழுதினேன்.

21ஆம் தேதி ஞாயிறு பொறுக்க முடியவில்லை. கேட்டே விட்டேன்.

"ஏங்க, அந்த ஒயரை நீங்க புடுங்கி விடுறீங்களா?"

பேப்பரை மடித்தார். "என்ன கேட்ட?"

"அவ கூப்புடுற நேரத்துக்கு மட்டும் லைன் சாவுது. நீங்க எந்திரிச்சுப் போனா உசுரு வருது. நானா சொல்லல, நோட்டுல இருக்கு. பாருங்க."

நோட்டை வாங்கினார். நொத்தேர் ஆபீசில் முப்பது வருஷம் பத்திரம் படித்த கண் அல்லவா, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரலை வைத்துப் படித்தார். நான் எதிரில் நின்றேன். என்னை ஏசுவார், அடிக்கக்கூடக் கை ஓங்குவார் என்று நினைத்தேன்.

"கணக்கு சுத்தமா எழுதியிருக்க செல்வம்" என்றார். அவ்வளவுதான். நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். அடுத்த ஞாயிறு 28, நாலு மணி ஏழு நிமிஷத்துக்கு மணி அடித்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு உன் குரலைக் கேட்டேன். "அம்மா" என்றாய். ஒரு நிமிஷம் அழுதே வீணாக்கிவிட்டேன். "அப்பா?" என்றாய். நான் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினேனே, அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

"ஏங்க, அவதான். உங்களக் கேக்குறா. வாங்க" என்றேன்.

"நான் வந்தா லைன் செத்துரும். நீங்களே பேசுங்க" என்றார்.

குத்தலாகச் சொல்கிறாரா, ஒப்புக்கொள்கிறாரா தெரியவில்லை. ஆனால் அவர் கூடத்தில் இல்லாத ஞாயிறு அன்று போன் வேலை செய்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? உன்னிடம் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதினேன். அவருக்காக வேண்டிக்கொள்.

அம்மா

*

பம்பாய்
13-9-83

அம்மாவுக்கு,

மூன்று ஞாயிறாக உங்களோடு பேசுகிறேன். திங்கட்கிழமை முழுக்க உங்கள் குரல் காதில் இருக்கிறது. அதற்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதம் வரும்வரை, உப்புதான் காரணம் என்று இருந்துவிடக்கூடாதா என்று ஒரு ஆசை எனக்கு இருந்தது. போகட்டும்.

இனி நான் பேசும்போது அப்பாவைக் கூப்பிட வேண்டாம். நீங்கள் கொல்லைக்கு ஓடுவதும், நான் இங்கே வெறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதும் போதும். என் பேர் சலோமி. அவரே வைத்த பேர். அந்தப் பேரைச் சொல்லி அவராகக் கூப்பிடட்டும். அன்றைக்குப் பேசுகிறேன். இதையும் வழக்கம்போலச் சத்தமாகவே படியுங்கள்.

சலோமி

*

சேசு மரி சூசை துணை

காரைக்கால்
12-12-1983

அன்பு சலோமி,

நீ போய் மூன்று வாரம் ஆகிறது. தந்தி கிடைத்து, இரண்டு நாள் ரயிலில் நின்றுகொண்டே வந்து, மண் காயாத குழியைத்தான் பார்த்தாய். முகம் பார்க்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நவம்பர் மாசம், மழை வேறு, உடம்பை வைத்திருக்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சரி என்றேன். அதற்கும் என்னை மன்னித்துவிடு. பூசைக்குப் புறப்பட்டவர் வாசலிலேயே உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்தார் என்று உன்னிடம் சொன்னேன். அதற்கு மேல் நீயும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. இருந்த பத்து நாளும் நாம் இரண்டு பேரும் பாத்திரத்தைத்தான் மாற்றி மாற்றிக் கழுவினோம்.

இன்று எழுதப்போவதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

8ஆம் தேதி முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்து செபம் சொல்ல வீட்டுக்கு இருபது பேர் வந்தார்கள். கூடத்தில் உட்கார இடம் இல்லை. அப்பாவின் நாற்காலியைக் கொல்லையிலிருந்து கொண்டுவந்து போனுக்குப் பக்கத்தில் போட்டு உபதேசியாரை உட்காரவைத்தேன். நடுவில் கமர் நிஷா வந்து, அவள் வீட்டுக்காரர் கடைக்கு ஒரு சேதி சொல்லவேண்டும் என்று ரிசீவரை எடுத்தாள். "அக்கா, லைன் இல்லையே" என்றாள்.

மூன்று மாசமாக ஒரு நாள் கூடச் சாகாத லைன். பிடுங்கிவிடுகிறார் என்று நான் யாரைச் சொன்னேனோ அவர் குழிக்குள் இருக்கிறார்.

மறுநாள் சேக் அலாவுதீன் வந்தார். வழக்கம்போல ரீங்காரம் கேட்டது. "லைன் நல்லாத்தான் இருக்கும்மா" என்றார். நான் விடவில்லை. "பாய், நேத்து இந்த நாற்காலி இங்க இருந்துச்சு. இந்தாங்க, அதே மாதிரி போடுறேன். நீங்க உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். ரிசீவரைக் காதில் வைத்தார். என்னைப் பார்த்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"இது எத்தனை நாளா இங்க கெடக்குது?" என்றார்.

பாயைச் சுருட்டினார். நாற்காலிக் கால் நின்ற இடத்தில், பாய்க்கு அடியில், ஒயர். மேலே தோல் கெடவில்லை, பார்த்தால் புது ஒயர் மாதிரிதான் இருக்கிறது. உள்ளே செம்புக் கம்பி முறிந்திருக்கிறது. மேலே பாரம் ஏறினால் முறிந்த முனை இரண்டும் விலகுகிறது. பாரம் எடுத்தால் ஒட்டிக்கொள்கிறது. "யாரோ கனத்த ஆளு ஒரே எடத்துல ரொம்ப நேரம் உக்காந்திருக்காங்க, வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, அந்த ஒரு சாண் ஒயரை வெட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் புதுசு போட்டார்.

சலோமி, புரிகிறதா? அவர் காவல் காக்கவில்லை. மணி அடித்தால் முதல் மணியிலேயே எடுக்க வேண்டும் என்றுதான் அவ்வளவு ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்ததால்தான் மணி அடிக்கவில்லை. ஏழு ஞாயிறு! அவருக்கு எதிரில் போய் நோட்டை நீட்டினேன். நான் எழுதின கணக்கில் ஒரு தப்பு இல்லை. தேதி சரி, மணி சரி, ஆள் சரி. தீர்ப்புத்தான் தப்பு. எழுந்துபோய்க் கொல்லையில் உட்கார்ந்தாரே, அதனால் போன் சரியானது. அதையே சாட்சியாக வைத்து உனக்கும் எழுதினேன். எட்டாம் கட்டளைக்கு விரோதமாகக் கட்டினவருக்கு எதிராகவே பொய்சாட்சி சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். தெரியாமல் செய்தது பாவத்தில் சேராது என்றார். எனக்கு மனசு அடங்கவில்லை.

இதிலும் ஒரு ஆறுதல் உண்டு. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். நேற்று அவருடைய செபப் புத்தகத்தைத் துடைத்து வைத்தேன். உள்ளே தந்தி ஆபீஸ் ரசீது ஒன்று இருந்தது. 9-10-83 தேதி. ட்ரங்க் கால். பம்பாய், உன் கிளினிக் நம்பர். மதியம் சாப்பிட்டதும் வெளியே போய்விட்டுச் சாயங்காலம்தான் வந்தார் அன்றைக்கு. எங்கே என்று நான் கேட்கவில்லை. அப்போது நாங்கள் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

ஆக, அவராகவே உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். நீ என்னிடம் சொல்லவில்லை, பரவாயில்லை, அப்பாவும் மகளும் ரகசியமாக வைத்திருந்தீர்கள் போல. என்ன பேசினார், சலோமி? சிரித்தாரா? நீ என்ன சொன்னாய்? ஒரு வார்த்தை விடாமல் எழுது. நான் மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள்கிறேன்.

அம்மா

*

பம்பாய்
22-12-83

அம்மா,

உங்கள் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இஞ்ஞாசியிடம் கூட இதைச் சொன்னதில்லை.

9ஆம் தேதி மூன்று மணி இருக்கும். கிளினிக்கில் நான் மட்டும்தான் இருந்தேன். மணி அடித்தது, எடுத்தேன். நம் பக்கத்து ஆப்பரேட்டர், தமிழில்தான் பேசினாள். "காரைக்கால் கால். சிஸ்டர் அமலராணி இருக்காங்களா?" என்று கேட்டாள்.

மடத்தில் எனக்கு வைத்த பேர். மூன்று வருஷமாக அந்தப் பேரால் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

அப்பா என்று எனக்குத் தெரிந்தது அம்மா. தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்துதான் சொன்னேன். என் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும் என்று நான் எழுதியதற்கு, இவர் வேண்டுமென்றே அந்தப் பேரைச் சொல்லிப் பதில் தருகிறார், எனக்கு சலோமி என்று ஒரு மகள் இல்லை என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படியே தலைக்கு ஏறிவிட்டது.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லங்க" என்றேன்.

"இல்லையா? சரியாப் பாருங்க, பார்ட்டி லைன்ல இருக்காரு" என்றாள்.

"யாரும் இல்ல. ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேன்.

அவர் மறுபடி போடுவார், அப்போது சலோமி என்று கேட்பார் என்று நினைத்தேன். நாலு மணிக்கு உங்களோடு பேசும்போது கூட வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் அதற்கு அடுத்த ஞாயிறும் மூன்று மணிக்கு அந்தப் போனுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். பிறகு உங்கள் தந்தி வந்தது.

நீங்கள் பொய்சாட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். கூடத்தில் யார் இருக்கிறார்கள் என்று எழுதச் சொன்னவளே நான்தானே. உங்களுக்கு மன்னிப்பு உண்டு, தெரியாமல் செய்தீர்கள். எனக்கு?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். "பார்ட்டி லைன்ல இருக்காரு" என்றாளே. ஆள் கிடைக்கிறவரைக்கும் அந்தப் பக்கம் பேச்சுக் கேட்காது என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். கேட்கும் என்றும் சொல்கிறார்கள். நான் சொன்னது அப்பா காதில் விழுந்திருக்குமா?

சலோமி

*

சேசு மரி சூசை துணை

காரைக்கால்
2-1-1984

என் மகள் சலோமிக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய், கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விழவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால் உனக்குத் தூக்கம் வரும். ஆனால் நான் ஒரு தடவை தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதிப் பட்டது போதும். இனி தெரிந்ததை மட்டும்தான் எழுதுவேன்.

முதலில் அந்தப் பேர். நீ மடத்தில் இருந்த ஐந்து வருஷமும் பெரிய திருநாளுக்கும் உன் பிறந்த நாளுக்கும் அவர் தந்தி ஆபீசுக்குப் போய்த் திருச்சிக்குப் போட்டார். முதல் தடவை "சலோமி இருக்காளா?" என்று கேட்டிருக்கிறார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று மடத்தில் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், "நம்ம புள்ளையப் பேரச் சொல்லிக் கேட்டா தரமாட்டாங்களாம் செல்வம், சிஸ்டர் அமலராணின்னு கேக்கணுமாம்." அன்றிலிருந்து அப்படித்தான் கேட்டுக் கேட்டுப் பழக்கம். உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டுவிட்டுத்தான் புறப்பட்டுப் போயிருக்கிறார். ஆனால் தந்தி ஆபீசில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து "யாருக்கு சார்?" என்று கேட்டதும் வாயில் பழக்கம்தான் வந்திருக்கிறது. போனில் உன்னைக் கேட்க அவருக்கு வேறு வார்த்தை தெரியாது. உன்னைக் குத்த அவர் அதைச் சொல்லவில்லை. இது எனக்குத் தெரிந்தது.

அடுத்தது, காதில் விழுந்ததா என்று. சேக் அலாவுதீனைக் கேட்டேன். "சில சமயம் விழும், சில சமயம் விழாதும்மா" என்றார். அதனால் நோட்டை எடுத்து 9ஆம் தேதியைப் பார்த்தேன். "4.05 மணி அடித்தது. சலோமி. 3 நிமிஷம். வெயில்" என்று எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான். அவர் வந்தது எழுதவில்லை. அது போன் கணக்கில் சேராது என்று விட்டிருக்கிறேன்.

ஆனால் நினைவில் இருக்கிறது. ஐந்தரைக்கு வந்தார். குழாயடியில் கால் கழுவினார். வெகுநாளைக்குப் பிறகு அடுக்களை வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன், தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தொண்டை கட்டியிருக்கு" என்றார்.

பேசாத மனிதர் பேசினாரே என்று எனக்கு அவசரம். உடனே சுக்கும் மிளகும் தட்டி, கற்பூரவல்லி இலை கிள்ளிப்போட்டுக் கஷாயம் வைத்து நீட்டினேன். தம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னவோ சொல்ல வந்து சொல்லவில்லை. உனக்குத்தான் தெரியுமே, கஷாயம் என்றால் எழுந்து ஓடுகிறவர். அன்றைக்கு ஒரு சொட்டு விடாமல் குடித்தார். குடித்துவிட்டுச் சொன்னார், "நல்லாவே கட்டியிருக்கு. மழையில நனைஞ்சிருக்கும்."

இங்கே அன்றைக்குக் கொளுத்தும் வெயில், சலோமி. நோட்டில் இருக்கிறது. இவர் எந்த மழையில் நனைந்தார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவர் குரலும் கட்டின குரலாக இல்லை. அதையும் நான் கவனிக்கவில்லை. நாலு மணிக்கு நீ பேசியபோது, லைன் இரைச்சலில் உன் குரலையும் கவனிக்கவில்லை.

அன்றைக்கு உனக்குத் தொண்டை கட்டியிருந்ததா? எழுது.

அம்மா